கவாத்துக் கத்தியில் விழுந்த பூ

போன மாதம் மாப்பிள்ளை வெளிநாடு போய்த் திரும்பும்போது ஒரு சமையலறைக் கத்தி வாங்கி வந்தார். வெல்வெட் விரித்த பெட்டிக்குள் அது படுத்திருந்தது. அலகு முழுக்க அலை அலையாக வரிகள், ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த தடம் மாதிரி. "அப்பா, தொடாதேங்கோ, இது டமாஸ்கஸ் எஃகு, மடிச்சு மடிச்சு அடிச்சு உள்ளேருந்தே வர்ற வரி" என்றாள் பெண். தொடாதே என்று சொன்னபின் என்னால் எப்படித் தொடாமல் இருக்க முடியும்? சின்ன வயதில் பாக்குவெட்டியில் அறுபட்டுக் குறுக்கே தழும்பு விழுந்த என் இடது கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தேன். எனக்கு அந்த அலையின் மேல் துளி நம்பிக்கை வரவில்லை.

அவர்கள் இருவரும் கடைக்குப் போன சமயம் பார்த்து, புளியும் தேங்காய் நாருமாக உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரத்தில் ஒரு பக்கத்து அலை மங்கிப்போனது. மேலாக அச்சடித்த வரிதான்! மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனிதர். பெண்தான் இருவருக்குமாகச் சேர்த்துச் சொன்னாள். நான் ஜெயித்தேன், ஆனாலும் அன்று எனக்குக் காப்பி ஆறிப்போய்த்தான் வந்தது.

எஃகின் மேல் பூ தெரிந்தால் யாரோ ஏமாற்றுகிறான் என்று நினைப்பது எனக்கு அறுபது வருடத்துக்கும் மேற்பட்ட வியாதி. அது எப்படி வந்தது என்று இதுவரை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

புளி பட்ட எஃகுக்கு ஒரு வாசனை உண்டு. பல் கூசுகிற வாசனை. அது மூக்கில் ஏறியதும் அக்ரஹாரத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் தகரக் கொட்டகை நினைவுக்கு வந்துவிட்டது. சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடம் இருக்கும். குடகுப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்குக் கவாத்துக் கத்தி செய்கிற சின்னப் பட்டறை. காப்பிச் செடியின் வேண்டாத கிளைகளைக் கழிக்கிற கத்தி அது, நுனி கொஞ்சம் வளைந்திருக்கும். நான் அங்கே பரிசோதகர். பெயர் பெரிதே தவிர, வேலை சின்னது. உலைக்குப் போகும் முன் கத்திகளை அளவுத் தகடு வைத்துப் பார்க்க வேண்டும், கோணல் இருந்தால் ஒதுக்க வேண்டும், எஃகு வைத்த அறையின் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாவி என்றதும் முதலாளி நினைவுக்கு வருகிறார். பூட்டு என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. எஃகு அறைக்குப் பூட்டு, கரி அறைக்குப் பூட்டு, குடிதண்ணீர்ப் பானை இருந்த அலமாரிக்குக்கூடப் பூட்டு. தாகம் எடுத்தால் மனுப் போட வேண்டும். அவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. கருவிகள் செய்கிற அந்த உயர்ந்த எஃகு சீமையிலிருந்து வர வேண்டும். அதற்கு லைசென்ஸ், லைசென்ஸுக்குப் பெங்களூர் நடை, நடைக்குப் பிறகு காத்திருப்பு. கிரீஸ் தடவிய காகிதத்தில் சுற்றி, நுனியில் சிவப்புச் சாயம் பூசி வரும் அந்தக் கம்பிகளைத் தொட்டிலில் குழந்தையை விடுகிற மாதிரி இறக்கி வைப்போம். "யாரையும் நம்பாதேப்பா, என்னையும் சேர்த்து" என்பார். அவரை மட்டும் நம்பினேன்.

உலையில் இருந்தவர் மாரப்பன். கோபிநத்தம் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். காவேரிக் கரையில் கொஞ்சம் நிலம் உண்டு, மழை ஏமாற்றியதால் வேலைக்கு வந்ததாகச் சொல்வார். கத்தியைக் கரி உலையில் சிவக்கக் காய்ச்சி, சரியான சிவப்பு வந்த நொடியில் எடுத்துப் புங்க எண்ணெய்த் தொட்டியில் முக்குவார். அதைத்தான் தோய்ச்சல் என்பார்கள். அதில்தான் எஃகு கெட்டிப்படும். பிறகு முறியாமல் இருக்க இளஞ்சூட்டில் மறுபடி ஒரு வாட்டு. அந்தப் புங்க எண்ணெய்ப் புகை இருக்கிறதே, வேட்டியில் ஏறினால் மூன்று வெளுப்புக்கும் போகாது. அப்போதுதான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. "பக்கத்துல வந்தாலே வேப்பங்கொட்டை செக்கு மாதிரி மணக்கறேள்" என்று என் மனைவி அலமேலு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். புங்கெண்ணெய்க்கும் வேப்பெண்ணெய்க்கும் வித்தியாசத்தை விளக்கிப் பார்த்தேன். எடுபடவில்லை.

கல்யாணம் ஆன கையோடுதான் இந்த வினையும் ஆரம்பித்தது. தோய்ச்சல் முடிந்து வந்த கத்திகள் எப்போதும் ஒரே சீராகக் கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். அந்த மாதம் சிலவற்றில் பிடிக்குப் பக்கத்தில் வெளிறிய ஒரு பூ தெரிந்தது. எட்டணா அளவு இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்த நுண்ணிய வரிகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் ஒரு சாய்ந்த கோடு. ஒவ்வொரு கட்டிலும் முதல் பத்துப் பன்னிரண்டு கத்திகளில் மட்டும்தான் இருக்கும். போகப் போக மங்கி மறைந்துவிடும். இரண்டு வாரம் கழித்துக் குடகிலிருந்து ஒரு மூட்டை அப்படியே திரும்பி வந்தது. கத்தியில் திட்டு விழுந்திருக்கிறது, எஃகில் கலப்படமா என்று ஒரு கடிதம் கூடவே.

முதலாளி கதவைச் சாத்திவிட்டு என்னிடம், "நம்ம எஃகு வெளியே போகுதுப்பா. எவனோ அதுக்குப் பதிலா பழைய லாரி வில்பட்டை இரும்பை வெச்சு அடிக்கறான். யாருன்னு நீதான் பார்க்கணும், ஹௌதா?" என்றார். ஆமாம் என்று கன்னடத்திலேயே நானும் ஹௌது என்றேன். இருபத்துமூன்று வயதில் ஒரு மனிதனைக் கண்காணிக்கச் சொன்னால் எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமா? இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று வீட்டுக்கு நடந்தே போனேன், அத்தனை உற்சாகம்.

பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்? பூ உலைக்குப் போய் வந்த பிறகுதான் தெரிகிறது. உலையில் இருப்பவர் மாரப்பன். நல்ல எஃகுக் கத்திகளுக்கு ரகசியக் குறி போட்டுக் கூட்டாளிக்கு அடையாளம் காட்டுகிறார், அவன் சந்தைப் பக்கத்துத் தேவராஜ மொஹல்லாவில் விற்கிறான் என்று நானே ஒரு கதை கட்டினேன். அப்படியானால் குறி போட்ட கத்தி எப்படிக் குடகுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்குக் கதையில் இடம் இல்லை. அதனால் அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலை கரி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தேன். கரித்தூள் மூக்கில் ஏறி ஐந்து தும்மல், அடக்க முடியாத தும்மல். மாரப்பன் திரும்பாமலே, "சாமி, அங்க தேள் கெடக்குமுங்க. இப்படி வந்து பலகைல உக்காந்து பாருங்க" என்றார். என்னை ஏன் அங்கிருந்து கிளப்பப் பார்க்கிறார் என்று மூட்டைகளையெல்லாம் புரட்டினேன். தேள்தான் இருந்தது.

பிறகு ஒரு தந்திரம் செய்தேன். ஒரு கட்டுக் கத்திகளை எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் அரத்தால் மயிரிழை அளவுக்கு ஒரு வெட்டு. கத்தி மாறினால் வெட்டு இருக்காதல்லவா? ஒன்று விடாமல் கையில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து உலைக்கு அனுப்பினேன். எல்லாம் வெட்டோடு திரும்பி வந்தன. பூவும் இருந்தது, எப்போதும் பத்தில் நிற்பது அன்று முப்பதைத் தாண்டியது! நான் எவ்வளவு கவனமாகச் சோதித்தேனோ அவ்வளவு பூ. என் வெட்டைக் கண்டுபிடித்து அதேபோல் வெட்டிவிட்டார், பலே ஆள் என்று நினைத்தேன். கட்டிவிட்ட கதை எதையும் ஜீரணித்துவிடும்.

இன்னொன்றும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அளவு பார்க்க உட்காரும் முன் மாரப்பன் இரண்டு தடவை என்னிடம், "ஏனுங் சாமி, கையைக் கழுவிப்போட்டு வந்து பாக்கறதுங்களா?" என்று கேட்டார். முதல் தடவை தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டாம் தடவை எனக்குப் பொறி தட்டியது. தண்ணீர்த் தொட்டி கொட்டகைக்கு வெளியே. நான் போய்த் திரும்ப இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் இவருக்கு எதற்கு? நகரவே இல்லை. அதையும் முதலாளியிடம் குற்றப்பட்டியலில் சேர்த்துச் சொன்னேன்.

முதலாளி அவரைக் கூப்பிட்டு, பூ விழுந்த கத்தியை மேஜையில் வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"இது என்ன குறி, மாரப்பா?"

மாரப்பன் கத்தியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"தோய்ச்சல்ல குத்தமில்லீங்க. எஃகும் நீங்க குடுத்ததுதானுங்க. குறி நான் போடலை. அதுக்கு மேல என்னையக் கேக்காதீங்க."

"பின்னே யார் போட்டது?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார், மறுபடி போட்டுக்கொண்டார், வெளியே போய்விட்டார். குற்றம் உள்ளவன் முகம் அப்படித்தான் இருக்கும் என்று நான் முதலாளியிடம் சொன்னேன், அன்றைக்கே மாரப்பனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ அசட்டு வார்த்தை பேசியிருக்கிறேன். திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது வரம் கொடுத்தால் அந்த ஒரு வார்த்தையைத்தான் எடுப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாட்சிக் கத்தி ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்து, ஜன்னலோரம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பூவை நோட்டுப் புத்தகத்தில் பெரிதாக வரைந்து, குறுக்குக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று ஆராய்ச்சி. கறியமுதுக்கு வாழைக்காய் நறுக்கக் கத்தி தேடி வந்த அலமேலு, என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, உங்க கட்டை விரலைப் போய் எதுக்கு வரையறேள்?"

"என்னது?"

"இது உங்க கட்டை விரல்னா. தினம் காலம்பற நம்மாத்துக் கண்ணாடியைத் துடைக்கறவ நான். எனக்குத் தெரியாதா? இதோ பாருங்கோ, தழும்பு."

இங்கே நம் பழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் விளங்கும். மேல்கோட்டைக்காரரான என் மாமனார், கல்யாணத்தின்போது வெள்ளைத் திருமண் கட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, "நெத்தி ஒரு நாழி வெறிச்சுன்னு இருக்கப்படாது" என்று சொல்லியிருந்தார். அதற்கு முன் நான் நாமம் இட்டால் இட்டது, கலைந்தால் கலைந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பயபக்தி. உலைச் சூட்டில் பத்து மணிக்குள் நாமம் வியர்வையில் வழிந்துவிடும். எஃகு அறைக்குள் போய், இடது உள்ளங்கையில் தண்ணீர் விட்டுத் திருமண்ணைக் குழைத்து, அந்தக் கையாலேயே சின்னக் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு மறுபடி இட்டுக்கொள்வேன். பிறகு கையை வேட்டியில் துடைத்துவிட்டு நேரே கத்திகளுக்கு வந்துவிடுவேன். வலது கையில் அளவுத் தகடு, இடது கையில் கத்தி, கட்டை விரல் பிடிக்குப் பக்கத்தில். மண் பட்ட இடத்தில் உலைத் தீ எஃகை மற்ற இடம்போல் கருக்கவில்லை. வரி வரியாக என் விரலை வெளிற விட்டிருந்தது. பத்துக் கத்தி தொடுவதற்குள் விரலில் மண் தீர்ந்துபோகும், பூவும் தீர்ந்துபோகும். அரத்தால் வெட்டுப் போட்ட அன்று பதற்றத்தில் வியர்த்து வழிந்து மூன்று தடவை மண் குழைத்திருந்தேன், அதனால்தான் முப்பது.

விரலைப் பார்த்தேன், கத்தியைப் பார்த்தேன். அலமேலு முதலில் சிரித்தாள். மாரப்பனை நிறுத்தியாகிவிட்டது என்று சொன்னதும் அவள் சிரிப்பு போய்விட்டது. "நாளைக்கே போய்ச் சொல்லிடுங்கோ" என்றாள்.

நாளைக்கே போகவில்லை. மூன்று நாள் ஆயிற்று. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். மாமனார் காதுக்குப் போனால், கொட்டகை முழுவதும் தெரிந்தால், நாமத்தை வைத்தே ஆயுசுக்கும் கேலி செய்வார்களே என்ற பயம் இன்னொரு பக்கம். அந்த மூன்று நாளும் கையை நன்றாகக் கழுவிவிட்டு அளவு பார்த்தேன். ஒரு கத்தியிலும் பூ இல்லை. மாரப்பன் போனதும் குறியும் நின்றது பார்த்தாயா என்று முதலாளி என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டுதான் தாங்கவில்லை. அங்கேயே, நின்றபடியே சொல்லிவிட்டேன்.

முதலாளி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "மாரப்பனை அழைச்சிட்டு வா" என்றார். பிறகு எஃகு அறைச் சாவியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

தேவராஜ மார்க்கெட்டில் வாழை இலை மண்டிக்குப் பக்கத்தில் மாரப்பன் ஒரு சொந்தக்காரரோடு தங்கியிருந்தார். நான் போனபோது மூட்டை தூக்கிவிட்டு வந்து, படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என் கையை நீட்டிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள், பாதிதான் வெளியே வந்தன.

"தெரியுமுங்க சாமி."

"தெரிஞ்சா ஏன் சொல்லலை?"

"சொன்னனே. கையைக் கழுவச் சொன்னனே. ரெண்டு வாட்டி."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"முதலாளி முன்னால சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?" வெற்றிலையை ஓரமாகத் துப்பினார். "மேல இருக்கறவரு கைல குத்தம்னு உலைக்காரன் சொன்னா, அதுக்கும் ஒரு பட்டம் கட்டியிருப்பீங்க. மூணாவது வாட்டி சொல்றதுக்கு எனக்கு என்னங்க தலையெழுத்து?"

மறுபடி வேலைக்கு வரும்படி கெஞ்சினேன். கோபமாகவே இல்லை அவர். "வந்தாலும் நீங்க பாத்துக்கிட்டேதான் இருப்பீங்க சாமி. பாக்கறவங்க இருக்கற எடத்துல எனக்குக் கை ஓடாதுங்க" என்றார். அந்த வாரமே கொள்ளேகால் பஸ் ஏறிப் போய்விட்டதாகச் சொந்தக்காரர் சொன்னார். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. கோபிநத்தம் ஒன்றும் தேசாந்திரம் இல்லை, போயிருக்கலாம். நம்பியிருப்பீங்களா என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் எப்படிப் போவது என்றே வருடங்கள் ஓடிவிட்டன.

பட்டறை பிறகு கைமாறி, மூடி, இப்போது அந்த இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். நான் அடுத்த வருடமே சர்க்கார் குமாஸ்தா வேலைக்குப் போய்விட்டேன். அங்கே பேப்பரைச் சந்தேகப்பட்டால் போதும். அலமேலு போய் ஆறு வருடமாகிறது. சாட்சிக் கத்தியை அவள் கடைசிவரை புளி போட்டுத் தேய்க்க விட்டதில்லை. வேலைக்காரி கையில் படாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், டமாஸ்கஸ் கத்தியைக் கெடுத்த அதே வாரம் பென்ஷனுக்காக பாங்குக்குப் போனேன். உயிரோடு இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒரு தடவை ரேகை வைக்க வேண்டும். சின்ன மெஷின், பச்சை விளக்கு. அங்கிருந்த பெண் என் கட்டை விரலை வைத்தாள். சிவப்பு எரிந்தது. "தாத்தா, இன்னொந்து சல" என்றாள், இன்னொரு தடவையாம். துடைத்து வைத்தேன், எண்ணெய் தொட்டு வைத்தேன், பத்து விரலும் வைத்தேன். வயதானால் ரேகை தேய்ந்துவிடுமாம், தழும்புகூட மழுங்கிவிட்டது. அவள் அட்டையிலுள்ள படத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். நான் அதை ஒருவர்மேல் வைத்திருந்தவன்.

"நான்தாம்மா" என்றேன். சிறிது பொறுத்து இன்னொரு தடவையும் சொன்னேன். மூன்றாவது தடவை வாய் வரவில்லை.

மானேஜர் வந்து, வேறு ஏதோ காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்து அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து கத்தியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். துரு கொஞ்சம் ஏறியிருக்கிறது. பூ அப்படியே இருக்கிறது, வளைவு வளைவாக, குறுக்குக் கோட்டோடு. என் விரலில் இல்லாதது எல்லாம் அதில் இருக்கிறது. அது நான்தான் என்று சாட்சி சொல்ல உலகத்தில் இரண்டே பேர் இருந்தார்கள். ஒருத்தி போய்விட்டாள். இன்னொருவரைத் திருடன் என்று சொல்லி அனுப்பியது நான்.